மஞ்சள் கடுதாசி கொடுத்தால் கடன் தீருமா?

களக்காட்டுப் பக்கம் வாழைக்காய் மொத்த வியாபாரம் செய்துவந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. கடன் 35 லட்சம் ஆகிவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரைத் தோட்டங்களுக்குக் கொடுத்திருந்த முன்பணம் முழுவதும் போனது. அதிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. கையில் இருப்பது ஒரு வீடு. இன்றைக்கு விற்றால் 20 லட்சம் தேறும். அதுவும் வங்கியில் அடமானத்தில் இருக்கிறது, மூன்று வாரத்துக்கு முன்பு வங்கி நோட்டீஸும் வந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர், "வீட்டை வீட்டுக்காரி பேருக்கு எழுதி வச்சிட்டு எல்லாருக்கும் மஞ்சக் கடுதாசி கொடுத்துருங்க அண்ணாச்சி, அப்புறம் ஒரு பய வாசல்ல வந்து நிக்க மாட்டான்" என்று யோசனை சொல்லியிருக்கிறார். வீட்டை எழுதி வைத்துவிட்டு அப்படித் திவால் அறிவிப்புக் கொடுக்கலாமா என்பது அவர் கேட்டது. உண்மையில் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: கடன் சட்டப்படி ஒழியுமா, வீடு மிஞ்சுமா, சிறைக்குப் போக நேருமா.

பாளையங்கோட்டையில் பல ஆண்டுகளாக உரிமையியல் வழக்குகள் நடத்தி வருகிறேன். கடன் கொடுத்தவர் பக்கமும் நின்றிருக்கிறேன், வாங்கியவர் பக்கமும் நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடனில் ஒரு பகுதி ஒழியலாம், ஆனால் கடுதாசி கொடுப்பதால் ஒழியாது. நீதிமன்றத்தில் நெடுநாள் நடந்தால்தான் ஒழியும். வீடு பெரும்பாலும் மிஞ்சாது. கடனைக் கட்ட முடியாமல் போனதற்காகச் சிறை இல்லை. கொடுத்து வைத்திருக்கும் செக்குகளுக்காக வரலாம். மனைவி பெயருக்கு வீட்டை எழுதும் யோசனை மூன்றையும் இன்னும் மோசமாக்கும்.

இணையத்தில் தேடினால் தனிநபர் திவால் பற்றி நிறையக் கிடைக்கும். அதில் பாதி அமெரிக்கச் சட்டம். மீதிப் பாதி நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தைப் பற்றியது. அந்தச் சட்டத்தின் மூன்றாம் பாகத்தில், ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மிகாமலும், சொத்து 20,000 ரூபாய்க்கு மிகாமலும், கடன் 35,000 ரூபாய்க்கு மிகாமலும் இருக்கிற, சொந்த வீடில்லாத ஏழைக்குக் 'புதிய தொடக்கம்' என்று ஒரு வழி எழுதப்பட்டிருக்கிறது. மற்றவர்கள் கடன்காரர்களோடு, அதாவது கடன் கொடுத்தவர்களோடு, திருப்பிச் செலுத்தும் திட்டம் போட்டுக்கொள்ளவும் வழி எழுதப்பட்டிருக்கிறது. எல்லாம் ஏட்டில்தான். அந்தப் பாகம் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது, கம்பெனிகள் வாங்கிய கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும். சாதாரண வியாபாரிக்கும், சம்பளக்காரருக்கும், விவசாயிக்கும் அது இன்னும் திறக்கப்படவில்லை. ஆகவே நெல்லைச் சீமையில் ஒருவர் திவால் கோர வேண்டுமானால் அவருக்கு இருப்பது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமே. சென்னை நகரத்துக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக உண்டு; நமக்கு அது பொருந்தாது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்பதால் அதன் தொகைகளும் அந்தக் காலத்தவையே: 500 ரூபாய்க் கடன் இருந்து அதைத் தீர்க்க வகையில்லை என்றாலே மனுப் போடத் தகுதி வந்துவிடும்.

மஞ்சள் கடுதாசி என்று ஊரில் சொல்வதில் இரண்டு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, வக்கீல் மூலமாகக் கடன்காரர்களுக்கு, "என் கட்சிக்காரர் கடன்களைத் தீர்க்க இயலாத நிலையில் இருக்கிறார், நொடிப்பு மனு தாக்கல் செய்ய இருக்கிறார்" என்று அனுப்புகிற நோட்டீஸ். மற்றொன்று, நீதிமன்றத்தில் உண்மையாகவே தாக்கலாகும் நொடிப்பு மனு, ஐ.பி. என்று நாங்கள் சொல்வது அது. முதலாவதற்குக் கடன்காரரைத் தடுக்கும் சக்தி எதுவும் கிடையாது. அது கிடைத்த மறுநாளே அவர் வழக்குப் போடலாம், செக்கை வங்கியில் செலுத்தலாம், உங்கள் சொத்துக்கு ஜப்தி கேட்கலாம். இதில் பலர் கவனிக்காத ஒரு வினை உண்டு. கடன் செலுத்துவதை நிறுத்திவிட்டேன் அல்லது நிறுத்தப்போகிறேன் என்று கடன்காரருக்கு அறிவிப்பதே அந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி ஒரு 'நொடிப்புச் செயல்'. அதைப் பிடித்துக்கொண்டு, மூன்று மாதத்துக்குள், கடன்காரரே உங்களை நொடித்தவராக அறிவிக்கச் சொல்லி மனுப் போடலாம். பயமுறுத்துவதற்காக அனுப்பிய நோட்டீஸ், தயாராக இல்லாத வேளையில் அனுப்பியவரையே நீதிமன்றத்துக்கு இழுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஐ.பி. என்பது மாவட்ட நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. நடைமுறையில் உங்கள் பகுதிக்குரிய சப் கோர்ட்டில் நடக்கும். நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கிற அல்லது தொழில் செய்கிற இடம் எந்த நீதிமன்ற எல்லைக்குள் வருகிறதோ அங்கே போட வேண்டும். மனுவோடு இரண்டு அட்டவணைகள் போகும். ஒன்றில் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், எப்போது வாங்கியது, எதன் பேரில் வாங்கியது, அவர்களுடைய முகவரி என்ன என்பது. இன்னொன்றில் உங்கள் சொத்து, வரவேண்டிய பாக்கி, வங்கியில் கிடக்கும் மிச்சம், வண்டி, பங்கு என்று ஒன்று விடாமல். கடன்காரர் ஒவ்வொருவருக்கும் நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் போகும். பிறகு ஒரு வாய்தாவில் நீங்கள் கூண்டில் ஏற வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய எல்லா வழக்கிலும் ஒரே வரிசையில் வரும். இந்தப் பணத்தை வாங்கிய தேதியில் உங்களுக்கு ஏற்கெனவே எவ்வளவு கடன் இருந்தது? அதை இவரிடம் சொன்னீர்களா? வாங்கியதை எதில் போட்டீர்கள்? மகள் கல்யாணத்துக்கு எத்தனை பவுன் போட்டீர்கள்? கடைக் கணக்கு நோட்டு எங்கே? தம்பி பெயரில் இருக்கும் லோடு வண்டியை ஓட்டுவது யார்? இவற்றுக்குத் துண்டுச் சீட்டாவது காட்டிப் பதில் சொல்லத் தெரிந்தவர் கரையேறுவார். லாரிப் பாரச் சீட்டு, தோட்டக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்த ரசீது, வங்கிக் கணக்கு விவரம், வெள்ளச் சேதத்துக்கு வி.ஏ.ஓ. கொடுத்த சான்று ஆகியவற்றை இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து வைக்கச் சொல்வேன். வாழைக்காய் வியாபாரத்தில் பாதி வாய்ப்பேச்சிலேயே நடக்கும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் நீதிமன்றம் தாளைத்தான் பார்க்கும்.

மனு ஏற்கப்பட்டு நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டால், 28-ஆம் பிரிவின்படி உங்கள் சொத்து முழுவதும் நீதிமன்றத்துக்கு, அதாவது அதன் சார்பில் அபிஷியல் ரிசீவர் என்ற அதிகாரிக்குப் போய்விடும். அதன் பிறகு பட்டியலில் உள்ள கடனுக்காக எந்தக் கடன்காரரும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் உங்கள் மேல் வழக்குத் தொடர முடியாது. டிக்ரி, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பு, வைத்திருப்பவர் கைது செய்யக் கேட்டாலும், அதற்குப் பாதுகாப்பு உத்தரவு கோரலாம். ஊரில் சொல்லும் 'ஒரு பயலும் வர மாட்டான்' என்பது இந்தக் கட்டத்தைத்தான். அதற்குக் கொடுக்கும் விலை சொத்து முழுவதும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, தொழில் கருவி போன்ற, உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஜப்தியிலிருந்து விலக்கிய பொருள்களை மட்டும் தொட மாட்டார்கள். விவசாயி தான் குடியிருக்கும் வீட்டுக்கும் அந்த விலக்கு உண்டு. ஆனால் இவர் வியாபாரி, வீடும் அடமானத்தில் இருக்கிறது, ஆதலால் அது உதவாது. இன்னொன்று: விடுவிப்பு உத்தரவு கிடைக்கும் வரை உங்களுக்குப் புதிதாக வந்து சேரும் சொத்தும் ரிசீவருக்கே போகும். அப்பா பெயரில் வயல் இருந்து, இடையில் அவர் காலமாகிவிட்டால், உங்கள் பங்கு கடன்காரர்களுக்குத்தான்.

நொடித்தவர் என்று அறிவித்ததும் கடன் ஒழிந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் ஏராளம். கடனிலிருந்து விடுபடுவது 'விடுவிப்பு' என்னும் தனி உத்தரவால். அதற்கு இன்ன காலத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று முதல் உத்தரவிலேயே எழுதியிருப்பார்கள். அந்தக் கெடுவைத் தவறவிட்டால் அறிவிப்பே ரத்தாகி, கடன்கள் பழையபடி உயிர்பெறும். மறுபடி மனுப் போடவும் நீதிமன்ற அனுமதி வேண்டும். விடுவிப்பு கேட்கும்போது 42-ஆம் பிரிவு குறுக்கே வரும். ஈடில்லாத, அதாவது எதையும் அடமானம் வைக்காமல் வாங்கிய, கடன்களுக்கு ரூபாய்க்கு எட்டணா (50 பைசா) வீதமாவது சொத்து தேறவில்லை என்றால் முழு விடுவிப்புத் தரக் கூடாது என்கிறது அது. எட்டணா என்றே இன்றும் அச்சில் இருக்கிறது. இவருடைய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வங்கிக்கு 11 லட்சம், நகைக்கடன் 3 லட்சம், இவை ஈடுள்ளவை. தனியார் நிதி நிறுவனத்தில் 5 லட்சம், நான்கு பேரிடம் புரோநோட்டில் 14 லட்சம், மீட்டர் வட்டிக்கு 2 லட்சம். ஆக ஈடில்லாதவை 21 லட்சம். வீடு 20 லட்சத்துக்குப் போனால் வங்கிக்குப் போக மிஞ்சுவது 9 லட்சம். ரூபாய்க்கு 43 பைசாகூட முழுதாக வரவில்லை. எட்டணாவுக்குக் குறைவு.

அதோடு கதவு மூடிவிடவில்லை. சொத்து அவ்வளவு குறைந்ததற்குத் தான் பொறுப்பில்லை என்று நீதிமன்றத்தை நம்பவைத்தால் அந்தத் தடை விலகும். வெள்ளம் அப்படிப்பட்ட காரணம்தான் என்பது என் கருத்து. எந்த நீதிபதியும் ஏற்பார் என்று உறுதி கூற மாட்டேன், ஏனென்றால் வெள்ளத்துக்குப் பிறகு வாங்கிய கடன் எவ்வளவு, அது எதற்கு என்ற கேள்வி நிச்சயம் எழும். நொடித்துவிட்டது என்று தெரிந்த பின்னும் வியாபாரத்தைத் தொடர்ந்தது, கணக்கு வைக்காதது, சூதாட்டம், வரவுக்கு மீறிய ஆடம்பரம், ஒரு கடன்காரரை மட்டும் தனியாகக் கவனித்தது ஆகியவையும் அதே பிரிவில் இருக்கின்றன. முழு விடுவிப்புக் கிடைக்காவிட்டாலும், வருங்கால வருமானத்தில் ஒரு பகுதியைக் கட்டு என்பது போன்ற நிபந்தனையோடு விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அரசுக்குச் சேரவேண்டிய பாக்கி, மோசடியால் வந்த கடன், மனைவி மக்களுக்கான ஜீவனாம்சம் ஆகிய மூன்றும் எந்த விடுவிப்பிலும் தீராது. விடுவிப்புக்கு முன்பு, தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய்க்கு மேல் யாரிடமாவது கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை என்ற பிரிவும் இருக்கிறது. பஞ்சாயத்து முதல் சட்டமன்றம் வரை தேர்தல் பதவிகளுக்கும் அந்தக் காலம் முழுவதும் தகுதி இல்லை.

இனி மனைவி பெயருக்கு எழுதும் யோசனை. செட்டில்மென்ட் பத்திரம் எழுதிப் பதிவு செய்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் நொடிப்பு மனு தாக்கலானால், 53-ஆம் பிரிவின்படி ரிசீவர் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். உரிய விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவர் தப்பலாம். பணம் கைமாறாமல் மனைவிக்கு எழுதியது தப்பாது. வில்லங்கச் சான்று போட்டால் ஐந்து நிமிடத்தில் அந்தப் பத்திரம் எண்ணும் தேதியும் வந்துவிடும்; கடன்காரர் வக்கீல் முதலில் எடுப்பதே அதைத்தான். பத்திரம் ரத்தாவதோடு போகாது: கடன்காரரை ஏய்க்கச் சொத்தை மாற்றியது தனி நொடிப்புச் செயல், சொத்தை மறைத்தது குற்றமாகவும் ஆகலாம், விடுவிப்பு கேட்கும் நாளில் உங்கள் நேர்மையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. இவருடைய வழக்கில் அதனால் சல்லிக்காசு லாபமும் இல்லை, ஏனென்றால் அசல் பத்திரம் வங்கியில் இருக்கிறது. யார் பெயருக்கு மாற்றினாலும் வங்கியின் அடமானம் வீட்டோடுதான் போகும்.

வங்கியைப் பொறுத்தவரை ஐ.பி. ஏறக்குறைய வேடிக்கை பார்க்கிற சட்டம்தான். ஈடு வைத்திருக்கும் கடன்காரருடைய உரிமையை அது தொடுவதில்லை. நகைக்கடனுக்கும் அதே கதை. கட்டாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும், கடனும் செலவும் போக மிஞ்சியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வீட்டின் மேல் வங்கி அனுப்பியிருப்பது வங்கி நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்ற வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் 13(2) நோட்டீஸ் என்று அவர் எழுதியிருப்பதிலிருந்து தெரிகிறது. நோட்டீஸ் தேதியிலிருந்து 60 நாள் அவகாசம். அதற்குள் உங்கள் ஆட்சேபத்தையோ வேண்டுகோளையோ எழுத்தில் கொடுத்தால், வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். 60 நாள் கழிந்தால் வங்கி வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கையில் இறங்கலாம். அதை எதிர்த்து 45 நாளுக்குள் மதுரையில் இருக்கும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தீர்ப்பாயம் பார்ப்பது வங்கி முறைப்படி நடந்ததா என்பதை. உங்கள் கஷ்டத்தைக் கேட்டுக் கடனைக் குறைக்க அங்கே இடமில்லை.

செக்கு விஷயத்தில்தான் இவருடைய உண்மையான ஆபத்து இருக்கிறது. புரோநோட்டு வாங்கிய நால்வரில் இருவரிடம் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக்குகள் இருப்பதாக எழுதியிருக்கிறார். வெறும் புரோநோட்டுக் கடன் என்றால் அது உரிமையியல் வழக்கு. டிக்ரியான பிறகும், கட்ட வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவரைத்தான் சிவில் சிறையில் வைக்கலாம் என்று 1980-ஆம் ஆண்டிலேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பணக் கடன் டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. செக்கு அப்படியில்லை. அது திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி குற்ற வழக்கு; இரண்டு ஆண்டு வரை சிறை, செக்குத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம். வெற்றுச் செக்காகக் கொடுத்தேன், தொகையை அவரே எழுதிக்கொண்டார் என்பது தானாகத் தப்பிக்கும் வாதம் ஆகாது. கையெழுத்து உங்களுடையது என்றால் கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் முதலில் ஊகிக்கும், இல்லை என்று காட்டுவது உங்கள் பாடு. ஐ.பி. போட்டிருக்கிறேன் என்று சொல்லி அந்தக் குற்ற வழக்கை நிறுத்த முடியாது. ஆனால் அது எந்தக் கட்டத்திலும் சமரசமாக முடித்துக்கொள்ளக் கூடிய வழக்கு. அதனால்தான் செக்கு வைத்திருப்பவரோடு, அவர் அதை வங்கியில் போடுவதற்கு முன்பே பேசுவது நல்லது. செக்கு திரும்பி நோட்டீஸ் வந்துவிட்டால் பணம் கட்ட 15 நாள்தான் இருக்கிறது. வாங்காமல் திருப்பி அனுப்பினால் வராததாக ஆகிவிடாது.

தனியார் நிதி நிறுவனத்தில் ஜாமீன் போட்ட மச்சினரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களுக்கு முழு விடுவிப்பே கிடைத்தாலும் ஜாமீன்தாரருக்கு அது பொருந்தாது. நீங்கள் ஒதுங்கிய மறுகணம் நிறுவனம் அவர் பக்கம் திரும்பும். அவரிடம் சொல்லாமல் ஐ.பி. போடுவது சட்டப்படி செல்லும், சொந்தத்தில் செல்லாது. வசூலுக்கு வருகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது, உறவினரிடம் அவமானப்படுத்திப் பேசக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்திருக்கிறது. மீறினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; விவரத்துக்கு 14448.

மீட்டர் வட்டிக்கு வாங்கிய 2 லட்சத்துக்கு இதுவரை 3 லட்சத்துக்கு மேல் கட்டியிருக்கிறார், இன்னும் அசல் அப்படியே நிற்பதாகச் சொல்கிறார்கள். இதை மற்றக் கடன்களோடு ஒரே வரிசையில் வைக்கக் கூடாது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல், தின வட்டி ஆகியவற்றைத் தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. மிரட்டி வசூலிப்பதைத் தண்டிக்க 2025-இல் இன்னொரு மாநிலச் சட்டமும் வந்திருக்கிறது. நியாயமான அசலும் சட்டம் அனுமதிக்கும் வட்டியும் மட்டுமே தர வேண்டியது; அதை நீதிமன்றத்தில் செலுத்தி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கோரவும் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. கையில் கொடுத்ததற்குச் சாட்சி கிடைப்பது சிரமம். ஜிபேயில் அனுப்பியது, வங்கியிலிருந்து போனது, வாட்சப்பில் வந்த குரல் பதிவு எதையும் அழித்துவிடாதீர்கள். 2017 அக்டோபரில் நம் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டதை இந்த ஊர் மறக்கவில்லை. கேட்டவர் தன் கேள்வியின் கடைசி வரியில், தூக்கம் வருவதில்லை, சில இரவுகளில் எண்ணம் எங்கெங்கோ போகிறது என்று எழுதியிருக்கிறார். அந்த வரிக்கு வக்கீலிடம் மருந்தில்லை. வீட்டாரில் ஒருவரிடம் இன்றே முழுக் கணக்கையும் சொல்லுங்கள். 104 அல்லது 14416 எண்ணில் எந்த நேரத்திலும் பேசலாம், கட்டணம் இல்லை.

என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டால், ஐ.பி.யைக் கடைசிக்கு வைக்கச் சொல்வேன். ஏலத்தில் போகும் வீடு சந்தை விலைக்குப் போவது அபூர்வம். வங்கிக்கு எழுதி, அவர்கள் சம்மதத்தோடு வீட்டை நீங்களே ஆள் பார்த்து விற்றால் அந்த 20 லட்சம் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. ஏலத்தில் 15 லட்சத்துக்குப் போனால் மற்றவர்களுக்குப் பங்கிட 4 லட்சம்தான் மிஞ்சும். கூடவே வங்கியிடம் ஓ.டி.எஸ். என்கிற ஒரே தவணைத் தீர்வுக்கும் விண்ணப்பிக்கலாம். அது உரிமையாகக் கேட்டு வாங்கக் கூடியதல்ல என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வங்கி மனது வைத்தால் உண்டு. அப்படி முடித்தால் சிபில் கணக்கில் 'செட்டில்டு' என்று பதிந்து, பிறகு கடன் கிடைப்பது பல ஆண்டுக்குக் கடினமாகும். இப்போதைய நிலையில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

மிஞ்சும் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பதுதான் நிதானம் வேண்டிய இடம். வாசலில் நின்று சத்தம் போட்டவருக்கு முதலில் கொடுக்கத் தோன்றும். பிறகு மூன்று மாதத்துக்குள் ஐ.பி. போட நேர்ந்தால், ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிய அந்தச் செலுத்தலை 54-ஆம் பிரிவின்படி ரிசீவர் திருப்பி வாங்கலாம், உங்கள் விடுவிப்புக்கும் அது இடைஞ்சல். எல்லோரையும் ஒரே கணக்கில் அழைத்து, ரூபாய்க்கு இவ்வளவு என்று ஒரே விகிதத்தில் பேசுவதே பாதுகாப்பு. புரோநோட்டுக்காரர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்து மனிதர்கள். டிக்ரி வாங்கி, இ.பி. என்கிற நிறைவேற்று மனுப் போட்டு, அமீனாவை அழைத்து வருவதற்குள் அவர்களுக்கும் ஆண்டுக்கணக்கில் அலைச்சல் என்பது தெரியும். வழக்கு வருவதற்கு முன்பே லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் வைத்து முடிக்கலாம். அங்கே எழுதும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது, கட்டணமும் இல்லை. பணம் கொடுக்கும் அதே நேரத்தில் புரோநோட்டையும் வெற்றுச் செக்குகளையும் கையில் வாங்கிவிட வேண்டும். நாளைக்குத் தருகிறேன் என்ற செக்கு நாளன்னைக்கு வங்கிக்குப் போயிருக்கும். பேச்சுவார்த்தையின்போது பழைய புரோநோட்டின் முதுகில் வரவு வைத்துக் கையெழுத்துப் போடச் சொன்னால், அதனால் வழக்குப் போடுவதற்கான மூன்று ஆண்டுக் காலவரம்பு புதிதாகத் தொடங்கும் என்பதைத் தெரிந்து போடுங்கள்.

நால்வரில் ஒருவர் இறங்கிவராமல், மற்றவர்களின் ஏற்பாட்டையும் கெடுக்கும் வகையில் வழக்கு, ஜப்தி, கைது மனு என்று நெருக்கினால், அப்போது ஐ.பி. சரியான கருவி. வீட்டை ஒளிவில்லாமல் விற்று, கணக்கை வைத்துக்கொண்டு, யாருக்கும் தனிச் சலுகை காட்டாமல் வந்திருக்கும் மனிதரின் மனு வேறு தரத்தில் நிற்கும்.

ஆவணங்களைப் பார்க்காமல் நான் சொல்லக் கூடாதவையும் சில உண்டு. புரோநோட்டுகளின் தேதி தெரியாமல் எது காலாவதியானது என்று சொல்ல முடியாது. வீடு அவருடைய தனிச் சொத்தா பூர்வீகமா என்பதைப் பொறுத்துப் பிள்ளைகளின் பங்கு பற்றிய பதில் மாறும். நகை மனைவியின் சீதனமா என்பதும் அப்படியே. வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100 எண்ணிலும் அழைக்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவானாலும் வக்கீல் இலவசம், மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. போகும்போது கடன் பட்டியல், வங்கி நோட்டீஸ், அது வந்த உறை, புரோநோட்டு நகல்கள், வில்லங்கச் சான்று இவ்வளவும் கையில் இருக்கட்டும். நோட்டீஸ் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது என்பதால் அந்த 60 நாளில் 40 நாளுக்கும் குறைவாகவே இருக்கிறது. வீட்டை நானே விற்றுக் கட்டுகிறேன், அவகாசம் தாருங்கள் என்ற கடிதத்தை இந்த வாரமே கிளை மேலாளருக்கு கிடைத்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள்.